மடக்குக் கத்தியைக் கழற்றலாமா?

கேமரன் மலைத் தோட்டங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு பெரியவனின் சொல். கயிறு அறுக்க, உர மூட்டை பிரிக்க, கோஸ் வெட்ட என்று உங்களில் பலரும் மடக்குக் கத்தி வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் வாங்கிய மறுவாரமே திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து அதைப் பிரித்துப் போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1. கழற்றுவதற்கு முன் கழுவுங்கள். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மூடுபனி, மழை, காலணியில் ஒட்டும் சேறு எல்லாம் கத்தியின் கீலுக்குள் போகத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, கத்தியை அதற்குள்ளேயே பலமுறை திறந்து மூடுங்கள். உள்ளே இருக்கும் மண் கலங்கலாக வெளியே வருவது கண்ணுக்கே தெரியும். கலங்கல் நின்றதும் நல்ல தண்ணீரில் அலசி உதறுங்கள். துடைத்து, திறந்தபடியே உலர வையுங்கள். பிறகு கீலில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு தூசியைப் பிடித்து வைக்கத்தான் உதவும்.

2. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். இங்கே இரவில் 18 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. கீழே தாப்பாவில் ஓடுகிற எண்ணெய் இங்கே கீலுக்குள் வெள்ளை மெழுகாக நிற்கும். மற்ற சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் பிசின் மாதிரி சிக்குப் பிடிக்கும். டபிள்யூடி-40 என்பது 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்கென்றே செய்த சரக்கு. நனைந்த கத்தியிலிருந்து நீரை வெளியேற்ற அது போதும். நாள்பட நிற்கும் எண்ணெய் அல்ல. அதே கத்தியால் பழமும் நறுக்குவீர்களானால் மருந்துக்கடை பாரஃபின் எண்ணெய் போடுங்கள்.

3. கீலில் இருப்பது ரிவெட்டா, ஸ்க்ரூவா என்று பாருங்கள். விக்டோரினாக்ஸ், ஓபினல், பக் 110 எல்லாம் ரிவெட் அடித்த கத்திகள். அவற்றைக் கழற்றுவது உடைப்பதற்குச் சமம். ஓபினலின் மரப்பிடி நம் ஊர் ஈரத்தில் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். உடனே இடுக்கியைத் தேடாதீர்கள். மடக்கியபடியே பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். பிறகு காய்ந்த இடத்தில் சில நாள் வையுங்கள், மரம் தானே இறங்கும். மரப்பிடிக் கத்தியை மட்டும் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, ஈரத்துணி போதும்.

4. ஸ்க்ரூ உள்ள கத்தியைக் கழற்ற நான் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் மூன்றுதான். கழுவிய பிறகும் கீலில் மணல் நெறுநெறுக்க வேண்டும், அல்லது உள்ளே சிவப்புத் துரு தெரிய வேண்டும், அல்லது ஒரு பாகம் உடைந்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை இதில் சேராது. ஆசை அடங்காவிட்டால் ஷாப்பியில் மலிவான கத்தி ஒன்று வாங்கி அதில் பழகுங்கள். விலை உயர்ந்த கத்தியானால் உத்தரவாதத் தாளை முதலில் படியுங்கள். உரிமையாளர் பிரித்தால் பொறுப்பில்லை என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு.

5. கறுப்பெல்லாம் துரு அல்ல. கார்பன் எஃகு அலகால் தேயிலைக் கிளையை வெட்டினால் இலையில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறை விடும். அது அலகுக்குக் கெடுதல் செய்யாது, துருவைக்கூட ஓரளவு தள்ளிப்போடும். அதைப் பார்த்துப் பயந்து கத்தியைப் பிரித்துத் தேய்த்தவர்கள் இருக்கிறார்கள். விரலில் செம்மண் நிறத்தில் ஒட்டினால்தான் துரு.

6. கழற்றியே ஆக வேண்டும் என்றால் அவசரம் கூடாது. முதலில் அலகின் கூர்ப்பக்கம் முழுவதும் டேப் ஒட்டுங்கள். அடியில் வெள்ளைத் துணி விரியுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்குமுன் கைப்பேசியில் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம், எந்த வரிசை என்பது பிறகு நினைவில் இருக்காது. நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்கு டி6, டி8 என்று அளவு இருக்கிறது. சரியான அளவு நல்ல எஃகில் வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துவதைத் திணித்தால் தலை மழுங்கிவிடும், அதன்பின் அந்தக் கத்தியைத் திறப்பது பெரும்பாடு. ஸ்க்ரூ அசையவில்லையென்றால் தொழிற்சாலையில் மரையில் பசை வைத்திருப்பார்கள். பற்றவைப்புக் கோலின் சூட்டை ஸ்க்ரூவின் தலையில் கொஞ்ச நேரம் காட்டினால் இளகும். குறுக்குக் கம்பிப் பூட்டுள்ள கத்தியில் முடி போல இரண்டு ஸ்பிரிங் இருக்கும். துள்ளி விழுந்தால் லயத்துச் சிமெண்ட் தரையில் தேடிக் கிடைக்காது.

7. திரும்பப் பூட்டும்போது கீல் ஸ்க்ரூவைக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்குங்கள். அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது, திறக்கவும் கஷ்டப்படக் கூடாது. அந்த இடம் கிடைத்ததும் மரையில் நீல லாக்டைட் துளி. சிவப்பு வேண்டாம், அது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். உதறினால் அலகு தானே திறக்கிற அளவுக்குக் கீலைத் தளர்த்தி வைப்பது சில பிள்ளைகளுக்குப் பெருமை. பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. தோட்டத்தில் அது வேலைக் கருவி. பாசார் மாலாமில் போலீஸ்காரர் அப்படி நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

8. கடைசியாகப் பூட்டைச் சோதியுங்கள். கத்தியைத் திறந்து, விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மரக்கட்டையில் வைத்து அழுத்துங்கள். பூட்டு நழுவினால் மீண்டும் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் நழுவினால் அந்தக் கத்தியை வேலைக்கு எடுக்காதீர்கள், தம்பிக்கோ கூட வேலை செய்பவருக்கோ இரவலாகவும் கொடுக்காதீர்கள்.