12 வோல்ட் இருந்தும்...

சென்ற ஆண்டு ஒரு மாலை எங்கள் வீட்டு இணைய மோடம் நின்றுபோயிற்று. மறுநாள் தங்கையின் விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். இயற்பியல் மாணவன் என்ற மிடுக்கோடு மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரின் முனையில் வைத்தேன், 12.1 வோல்ட் காட்டிற்று. "அடாப்டரில் குறையில்லை, மோடம்தான் போய்விட்டது" என்று தீர்ப்பளித்தேன். அப்பா 1,600 ரூபாய்க்குப் புதியது வாங்கி வந்தார். அது வேலை செய்யவே என் தீர்ப்பு சரியென்றே இருந்துவிட்டேன். புதிய மோடத்துடன் புதிய அடாப்டரும் வந்ததை எண்ணிப் பார்க்கவில்லை!

ஒரு வாரம் கழித்து அந்த அடாப்டரைப் பழைய மோடத்தில் செருகினேன். விளக்குகள் எரிந்தன.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அதன் உள்மின்தடை 1 கோடி ஓம். அது இழுத்தது ஏறத்தாழ 1 மைக்ரோ ஆம்பியர். மோடத்துக்கோ அரை ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆகவே பழைய அடாப்டரின் குறுக்கே 15 ஓம், 20 வாட் மின்தடை ஒன்றை இணைத்து அளந்தேன். (தொட்டுவிடாதீர்கள், நன்றாகச் சுடும்.) 12 வோல்ட் 5க்கும் 7க்கும் இடையே தள்ளாடிற்று. புதியதோ அதே மின்தடையில் அசையவில்லை.

பழையதைத் திறந்தேன். இத்தகைய அடாப்டரில் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் முதலில் நேர்மின்னோட்டமாகி, 325 வோல்ட் அளவில் ஒரு மின்தேக்கியில் சேர்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த மின்னூட்டம் தங்கக்கூடும். 10 கிலோ ஓம் மின்தடை வழியே வடித்து, மீட்டரில் சுழியைக் கண்ட பிறகே கை வைத்தேன். இந்த ஒன்றில் அவசரப்பட்டால் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை.

குற்றவாளி வெளியீட்டுப் பக்கம் இருந்தது. 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியின் தலை அப்பம்போல் உப்பியிருந்தது. உள்ளிருக்கும் மின்பகு திரவம் வெப்பத்தில் உலர, அதன் உள்தடை ஏறுகிறது. சுமை இல்லாதபோது இது தெரியாது. மின்னோட்டம் பாயும்போது அழுத்தம் குலைகிறது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி, வெப்பம் 10 டிகிரி குறையுந்தோறும் ஏறத்தாழ இருமடங்கு உழைக்கும் என்பது பொறியாளர் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி, அதாவது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். எங்கள் அடாப்டர் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால், காற்றோட்டமின்றி நான்கு ஆண்டுகள் கிடந்தது.

முனை மாறாமல் புதிய மின்தேக்கியைப் பற்றவைத்தேன். சில ரூபாய்தான். மின்தடையோடு 11.9 வோல்ட் நிலையாக நின்றது. பழைய மோடம் இப்போது மாடியறையில் ஓடுகிறது. அந்த 1,600 ரூபாயைப் பற்றி அப்பா இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.