மனுவாக எழுது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. "பாப்பாவைச் சிறப்புப் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்களேன், அங்கேதான் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஹெச்.எம். சொன்னதாக மருமகள் போனில் அழுதாள். தலைமையாசிரியர் கூட்டங்களில் பாப்பாவைப் போல மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளைப் பற்றி இந்தப் பேச்சை எத்தனையோ பேர் வாயால் கேட்டவள் நான். கேட்க அக்கறை மாதிரி இருக்கும், அர்த்தம் 'இங்கே வேண்டாம்' என்பதுதான். ஆனால் அதை யாரும் எழுத்தில் தரமாட்டார்கள். தந்தால் மாட்டிக்கொள்வார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 31ஆம் பிரிவை எடுத்துப் படி. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம். ஹெச்.எம். விருப்பம் என்று அதில் இல்லை.

அடுத்து, வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாம் என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அந்த வழியையும் தருகிறது. மாதம் தவறாமல் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் அதைக் கேட்க வேண்டியது நீங்கள், பள்ளி அல்ல. பாப்பாவுக்கு அப்படி ஒரு நோயும் இல்லை. வீட்டில் வைத்தால் வாரத்தில் சில மணி நேரம் ஓர் ஆசிரியர் வந்து போவார். மற்ற நேரமெல்லாம் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பாள், பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும்.

அதற்காகச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதே. ஹெச்.எம். நாற்காலியில் இருப்பவருக்கு நிஜமாகவே பயம் இருக்கும். விழுந்துவிட்டால்? வலிப்பு வந்துவிட்டால்? கழிவறைக்கு யார் தூக்கிப் போவது? இந்தப் பயத்துக்குப் பதில் சொல்வதாக உன் மனு இருக்க வேண்டும். 'தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு' என்று முடியும் மனு கோப்பில் தூங்கும். இன்ன நாற்காலி, இன்ன ஆள், இன்ன தேதி என்று கேட்கும் மனுவுக்கு ஒரு பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

நாற்காலியைப் பற்றி எழுது. பாதம் இரண்டும் பலகையில் பதிய, இடுப்பில் பெல்ட் போட்டு, பக்கவாட்டில் அணை கொடுத்து உட்காரவைத்தால் பாப்பாவின் தலை நிற்கும். தலை நின்றால்தான் கரும்பலகை தெரியும். சாய்ந்த நிலையில் சோறு ஊட்டக் கூடாது, புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்பதையும் எழுது. கழிவறையை நேரில் போய்ப் பார். சாய்தளம் இருக்கும், ஆனால் கதவு உள்பக்கம் திறக்கும், சக்கர நாற்காலி உள்ளே போனபின் மூட வராது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றக் கேள், பெரிய செலவில்லை.

வலிப்புக்குத் தனித் தாள் கொடு. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் தண்ணீரோ ஸ்பூனோ கூடாது, கையில் சாவிக்கொத்தைத் திணிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வகுப்பறையில் ஒட்டச் சொல். தாள் சுவரில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

சேர்த்துக்கொண்டார்கள் என்றதும் ஓய்ந்துவிடாதே. கடைசி வரிசையில் மூலையில் வைத்து, சத்துணவு முடிந்ததும் அனுப்பிவைப்பது படிப்பில்லை. பாப்பாவுக்குப் பேச்சு வராது, ஆனால் ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குகிறாள், இல்லை என்றால் பக்கவாட்டில் திருப்புகிறாள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி பொறுக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியையும் மனுவில் கேள். இந்தப் பருவத்தில் அவள் எதைக் கற்பாள் என்று சிறப்பாசிரியரோடு உட்கார்ந்து எழுதி வாங்கு. வட்டார வள மையத்திலிருந்து வரும் அந்தப் பெண்ணிடம் கோபப்படாதே. தொகுப்பூதியத்துக்குப் பள்ளி பள்ளியாக அலைகிறவர் அவர். உங்கள் பக்கம் நிற்கக்கூடியவரும் அவர்தான்.

இனிமேல் பள்ளிக்கு நீயும் போ. மருமகள் பேசினால் தாயின் அழுகை என்று ஆறுதல் சொல்லி அனுப்புகிறார்கள், நீ பேசினால் குறித்துக்கொள்வார்கள். அநியாயம்தான், இருந்தாலும் போ. சென்னையில் 1985இல் தொடங்கி இன்று வித்யாசாகர் என்ற பெயரில் நடக்கும் நிறுவனத்தை ஆரம்பித்த பூனம் நடராஜனும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாய்தான். எல்லாரும் பள்ளிக்கூடம் கட்ட வேண்டாம், ஒரு மனு எழுதினால் போதும்.

நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதே. பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கும் மேலே மாநில ஆணையர் இருக்கிறார். அநேகமாக அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் மனுவை எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, திருத்தித் தருகிறேன். பாப்பாவின் தனித்துவ அடையாள அட்டை நகலை இணைக்க மறந்துவிடாதே.

அன்புடன்,
பெரியம்மா