மீன் கணக்கும் இணைந்த அட்டவணைகளும்

பாம்பன் துறையிலே கரைசேரும் படகுகளை நோக்குவோமாயின், ஒன்றில் காரலும் சூடையும் மட்டுமே வரும். மற்றொன்றில் நண்டு, இறால், கணவாய் என ஏழெட்டு வகை இறங்கும். பிறிதொன்று வெறுமனே திரும்பும். இங்ஙனம் நீளம் வேறுபடும் வரிசைகளைக் கணிப்பொறியில் எழுதிவைப்பது எவ்வாறு என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

1947-ஆம் ஆண்டு தோன்றி, 1971-இல் தலைமையிடம் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், துறைகள், நாட்கள், படகுகள் ஆகியவற்றுள் சிலவற்றை மாதிரியாகத் தெரிந்தெடுத்தே மொத்தப் பிடிப்பை மதிப்பிடுகின்றனர். ஆதலின் ஒரு படகின் கணக்குப் பிழைப்பின் அப்பிழை பன்மடங்காய்ப் பெருகும்.

படகொன்றுக்கு ஒரு வரியும், மீனுக்கெனப் பத்துக் கட்டங்களும் வகுத்தால், பெரும்பாலான கட்டங்கள் வெறிதே கிடக்கும். பதினோராவது வகைக்கோ இடமிராது. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டுத் திணிப்பின், காரல் மட்டும் எவ்வளவு என்று கூட்டவியலாது. 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் காட்டிய வழி வேறு. முதல் அட்டவணையில் படகின் எண், நாள், மீன்பிடித்த மணி ஆகியன. இரண்டாவதில் மீன்வகைக்கு ஒரு வரி, அவ்வரிதோறும் அப்படகின் எண். வகை இரண்டாயினும் இருபதாயினும் அட்டவணையின் அமைப்பு மாறாது. மீன்களின் நீளத்தை அளந்தால், இரண்டாவதனோடு இணைந்த மூன்றாவது அட்டவணை வேண்டும். அளவுகள் இலட்சக்கணக்காயின், அனைத்தையும் ஒரே நெடுவரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் தொடக்க இடத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்தலும் உண்டு. வலையிழுத்த முறை முக்கியமாயின் வரிசையெண்ணும் எழுதுக. அட்டவணை தானே வரிசை காக்கும் என்று நம்பலாகாது.

மாணாக்கர் இடறுமிடம் இனித்தான் உள்ளது. மூன்று படகுகள் தலைக்குப் பத்து மணி உழைத்தன என்போம். முதலாவது மூன்று வகையில் 100 கிலோ, இரண்டாவது இரு வகையில் 80 கிலோ கொணர, மூன்றாவது ஒன்றுமின்றி வந்தது. மணிக்கு 6 கிலோ என்பதே மெய். இரு அட்டவணைகளையும் அப்படியே இணைத்தால், மணிக்கணக்கு மீன்வரிதோறும் திரும்ப எழுதப்பட்டு 50 ஆகும், விடை 3.6. அதனைத் திருத்தி, வெறும் படகு நழுவியதைக் கவனியாதுவிடின் விடை 9. கடலில் மீன் குறைந்ததெனவும் மிகுந்ததெனவும் ஒரே ஏட்டிலிருந்து கூறிவிடலாம்! ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளை நிறுத்திக் காத்திருப்போர்க்கு இவ்வேறுபாடு விளையாட்டன்று.

ஆகவே மீனை முதலில் படகுவாரியாகக் கூட்டிக்கொண்டு, பின்னரே முதல் அட்டவணையோடு இணைக்க வேண்டும். இணைக்கையில் முதல் அட்டவணையின் எவ்வரியும் விடுபடலாகாது. பிடிப்பில்லாமை வேறு, எழுதாமல் விட்டமை வேறு. இரண்டும் இரண்டாம் அட்டவணையில் வெறுமையாகவே தோன்றுமாதலால், இன்னதென்னும் குறிப்பைப் படகின் வரியிலேயே துறையில் நிற்கும்போதே எழுதிவிடல் வேண்டும்.