வதந்தியை நம்பிக் காத்திருக்கலாமா?

கேள்வி: புது டேப்லெட் வரப்போகிறது, விலையும் குறையும் என்கிறார்கள். மகளின் படிப்புக்கு இப்போதே வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

பதில்: பள்ளி திறந்துவிட்டதென்றால் காத்திருக்க வேண்டாம். வெளிவராத கருவியைப் பற்றிய பேச்சு எவ்வளவு தூரம் தவறும் என்பதற்கு முதல் ஐபேடே சாட்சி. அதன் பெயர் 'ஐஸ்லேட்' என்றார்கள். விலை ஆயிரம் டாலரைத் தொடும் என்றார்கள். 2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்த தொடக்க விலை 499 டாலர். பெயரும் வேறு. பலர் எதிர்பார்த்த கேமராவும் இல்லை. அது மறு ஆண்டு ஐபேட் 2இல்தான் வந்தது.

வதந்திகளைவிட முக்கியமானவை செயலிகள். 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளோடு தொடங்கிய ஆப் ஸ்டோரில், ஒன்றரை ஆண்டில் 1,40,000 சேர்ந்திருந்தன. ஐபோனுக்காக எழுதப்பட்ட அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஐபேடிலும் ஓடின. எப்படி ஓடின தெரியுமா? பெரிய திரையின் நடுவில் சிறு கட்டமாக, அல்லது இரு மடங்கு இழுத்துப் பெரிதாக்கிய மங்கலான படமாக. 9.7 அங்குலத் திரைக்கென்றே எழுதிய செயலிகள் வந்தபிறகுதான் அந்தக் கருவிக்கு உயிர் வந்தது என்பேன்.

போனுக்காக மட்டும் எழுதிய செயலிகள் இன்றும் உண்டு. ஆகவே, மகள் படிக்கும் செயலியைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பாடமும் குறிப்பும் அருகருகே வருகிறதா, தமிழ் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, பாருங்கள். மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்றும் கேளுங்கள்.