இருபத்தோரிலக்க எண் ஒன்று

தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோரெண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 7, 23, 89 என்பன அத்தகையன. ஓரெண் சிறிதாயின் அது பகா எண்ணோ அன்றோ என்று காண்டல் எளிது. பெரிதாயின் என் செய்வது? இரண்டை 67 முறை எழுதித் தம்முட் பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் குறைத்தால் கிடைப்பது 147,573,952,589,676,412,927. இவ்வோரெண்ணின் வரலாறு அவ்வினாவுக்கு நல்ல விடையாகும்.

இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்துப் பெறும் எண்களுள், 257-ஆம் அடுக்கு ஈறாகப் பகா எண்களாவன எவை என்று மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644-இல் ஒரு பட்டி வெளியிட்டார். நமது எண்ணும் அதில் இடம்பெற்றது. அடுக்கு பகா எண்ணாயிருத்தல் மட்டும் போதாது. 11-ஆம் அடுக்கிற் கிடைக்கும் 2047 என்பது 23 × 89 அன்றோ?

1876-இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணிதர் இது பகா எண்ணன்று என்று நிறுவினார். வியப்பு யாதெனில், இதனை வகுக்கும் எண் ஒன்றையேனும் அவர் காட்டவில்லை! காட்டாமல் எவ்வாறு நிறுவுவது? ஒரு சிறு எண்ணைக் கொண்டு விளக்குவோம். ஒற்றைப்படையான ஒரு பகா எண்ணை எடுத்து, அதனினும் ஒன்று குறைந்த தடவை இரண்டைப் பெருக்கி, அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 ஆதல் வேண்டும் என்பது பெர்மா கண்ட விதி. 91-ஐ எடுங்கள். இரண்டின் 12-ஆம் அடுக்கு 4096. அதனை 91-ஆல் வகுக்க மீதி 1. எனவே 84-ஆம் அடுக்குக்கும் மீதி 1. 90-க்கு எஞ்சியவை ஆறு இரண்டுகள். ஆகவே மீதி 64. விதி தவறியமையால் 91 பகா எண்ணன்று. 7, 13 என்பவற்றின் பெயரையும் நாம் எடுத்தோமில்லை. லூக்காஸ் கையாண்ட சோதனை வேறு, தத்துவம் இவ்வினத்ததே. பின்வந்த பெருமுயற்சியினும் இதுவே எனக்கு மிக்க வியப்பைத் தருவது.

இனி, வகுக்கும் எண்களைத் தேடுவோர்க்கு ஒரு துணை உண்டு. நமது எண்ணை வகுக்கும் பகா எண் எதனையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 ஆகும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகும். இவ்விரண்டாம் விதியால் சோதிக்கவேண்டிய எண்களிற் பாதி கழியும். ஆயினும், தேடப்பட்ட எண் 134-ஐ 14,45,580-ஆல் பெருக்கி ஒன்று கூட்டிய தொலைவில் இருந்தது! அமெரிக்கக் கணிதப் பேராசிரியராகிய பிராங்க் நெல்சன் கோல் மேலும் நுண்ணிய முறைகளாற் சோதனைகளைக் குறைத்து அதனைக் கண்டார். 1903 அக்டோபர் 31-இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தார் கூட்டத்தில் அவர் வெளியிட்ட விடை:

193,707,721 × 761,838,257,287.

கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையிற் பெருக்கிக் காட்டியமர்ந்தார் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று தம்மிடம் கூறினார் என்றும் பெல் என்னும் கணிதர் எழுதியுள்ளார். விடையைச் சரிபார்க்க நமக்கோ ஒரு தாளும் அரைமணி நேரமும் போதும்.

மெர்சென் பட்டியில் 67 மட்டுமன்றி 257-உம் பிழையாயிற்று. 61, 89, 107 என்பன அதில் விடுபட்டிருந்தன. பட்டி முழுவதும் திருந்தி முடிந்த ஆண்டு 1947.