அட்டை விளையாட்டில் ஒரு புள்ளியியல் பாடம்

அரியலூர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு கற்பிக்கிறேன். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு தொடங்கப்பட்டது. வானில் இரைச்சல் கேட்டால் எங்கள் வகுப்பே சன்னல் பக்கம் திரும்பிவிடும். மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு சேர்க்கும் பழக்கமும் மாணவர்களுக்கு உண்டு. இந்த இரு ஆர்வங்களையும் இணைத்து, ஏழாம் வகுப்பில் புள்ளியியலை நடத்தினேன்.

தேவையானவை: பழைய அழைப்பிதழ் அட்டைகள், அளவுகோல், வண்ணப் பென்சில்கள்.

செயல்பாடு 1: கார்டு தயாரித்தல்

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, நம் விமானப்படையின் பழைய விமானங்களில் ஒவ்வொன்றைக் கொடுத்தேன். படம் வரைந்து, படைக்கு வந்த ஆண்டையும் இறக்கையின் முழு அகலத்தையும் எழுத வேண்டும்.

வாபிடி (1933) – 14.15 மீ
ஹண்டர் (1957) – 10.26 மீ
நாட் (1958) – 6.73 மீ
மிக்-21 (1963) – 7.15 மீ
மாருத் (1967) – 9.00 மீ

வாபிடிக்கும் நாட்டுக்கும் அளவுகளை வேண்டுமென்றே அடி, அங்குலத்தில் தந்தேன்: 46 அடி 5 அங்குலம், 22 அடி 1 அங்குலம். ஓர் அடி 0.3048 மீட்டர் என்று கொண்டு மாணவர்களே மாற்றினார்கள். ஒரே அலகுக்கு மாற்றாமல் ஒப்பிட முடியாது என்பது அப்போது தானாகவே புரிந்தது.

செயல்பாடு 2: கணக்கிடுதல்

கார்டுகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது மாருத். இடைநிலை அளவு 9.00. கூட்டுச் சராசரி 9.46. சராசரி ஏன் கூடுதல்? வாபிடி கார்டை எடுத்துவிட்டுக் கணக்கிடச் சொன்னேன், 8.29 ஆகக் குறைந்தது. ஒரு பெரிய எண் சராசரியை இழுக்கிறது என்பதை மாணவர்களே சொன்னார்கள். மெதுவாகப் பறக்கும் வாபிடிக்குப் பெரிய இறக்கை தேவை. வேகமான ஜெட்டுக்குச் சிறியதே போதும் என்று அறிவியலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செயல்பாடு 3: விளையாடுதல்

பெரிய எண் வைத்திருப்பவரே வெல்வார் என்பது விதி. நாட் கார்டு வந்தவர் ஒவ்வொரு முறையும் தோற்றார். பிறகு 1965 போரைச் சொன்னேன். 11.3 மீட்டர் இறக்கை கொண்ட சேபர் விமானங்களை இந்தச் சின்ன நாட் வீழ்த்தியது. உருவம் சிறியதால் எதிரியின் கண்ணில் எளிதில் படவில்லை. சட்டென்று திரும்பவும் முடிந்தது. “அப்போ சின்ன எண்தான் ஜெயிக்கணும் சார்” என்றார்கள். எதற்காக ஒப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டே கார்டை இறக்க வேண்டும் என விதியை மாற்றினோம்.

கார்டின் பின்பக்கம்

போர் விமானங்களை வெறும் விளையாட்டாக விட்டுவிடக் கூடாது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில், சேபர் விமானங்களை நாட் விமானத்தில் தனியாக எதிர்த்து உயிர்நீத்தவர் நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர். “இதுக்கு எந்த வரிசையில சார் எண் போடுறது?” என்று ஒரு மாணவி கேட்டாள். எண்ணாகச் சொல்ல முடியாததை எழுதத்தான் பின்பக்கம் என்றேன். ஒவ்வொருவரும் அங்கே மூன்று வரி எழுதினார்கள். மதிப்பீட்டுக்கு அதையும் எடுத்துக்கொண்டேன்.

விமானம்தான் வேண்டும் என்பதில்லை. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தின் அம்மோனைட்டுகளையோ, பெரம்பலூர் சாத்தனூர் கல்மரத்தையோ வைத்தும் இதே முறையில் கார்டுகள் செய்யலாம். உங்கள் ஊரில் மாணவர்களின் கண் எதன்மேல் போகிறதோ, அதிலிருந்து தொடங்குங்கள்.