நின்றுபோன எஞ்சினுக்கு முன்னால் நிற்கும் தம்பிக்கு

தம்பி, மேற்குச் சிட்னியில் இருக்கும் இந்தக் கராஜுக்கு ரோட்டரி வேலை பழக வந்திருக்கிறாய். இங்கே உன் கைக்கு வரப்போவது பெரும்பாலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 தான். அதிலும் 1991 இறுதியில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை, எல்லோரும் எஃப்டி என்று கூப்பிடுவது. இரண்டு ரோட்டர், இரண்டு டர்போ, 1308 சிசி. கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் எஃப்டியை இந்தப் பக்கம் காண்பது அபூர்வம். எக்ஸாஸ்ட் மாற்றியிருப்பார்கள், பூஸ்ட் ஏற்றியிருப்பார்கள், கம்ப்யூட்டரையும் மாற்றியிருப்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று இழுவை போய்விட்டது என்று ஒரு நாள் ஏற்றி வருவார்கள். அந்த நேரத்தில் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதித் தருகிறேன். எந்த ஸ்பானரை எங்கே போடுவது என்பதைக் கை தானாகவே பழகிக்கொள்ளும்.

1. முதலில் ஆளைக் கவனி. காரை ஏற்றிக்கொண்டு வருகிறவன் முந்தின இரவு தூங்கியிருக்க மாட்டான். எடுத்த எடுப்பில் "பூஸ்ட் எவ்வளவு வைத்தாய்?" என்று கேட்டால் குறைத்துத்தான் சொல்வான். உட்கார வை. தேத்தண்ணி கொடு. எந்தக் கியரில் போனாய், ஏற்றமா சமதரையா, மீட்டரில் முள் எங்கே நின்றது, பெற்றோல் எங்கே அடித்தாய், கடைசியாக என்ன வேலை செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேள். எம்4 நெடுஞ்சாலையில் நின்றுபோன காரோடு வந்த ஒரு பையன், "ஒன்றுமே மாற்றவில்லை அங்கிள்" என்றுதான் தொடங்கினான். இரண்டாவது கோப்பை தேத்தண்ணி பாதி இறங்கிய பிறகுதான், முந்தின வாரம் டர்போவிலிருந்து பின்பக்கம் வரை எக்ஸாஸ்ட் முழுவதையும் அகலமாகப் போட்டதைச் சொன்னான். குளிர்ந்த இரவில் பூஸ்ட் முள் வழக்கமான 10 பிஎஸ்ஐயைத் தாண்டி ஏறியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான். பானெட்டைத் திறக்கும் முன்பே எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயந்தவனை அதட்டினால் அவன் வாயிலிருந்து உண்மை வராது.

2. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே. "ஒரு தடவை அடித்துப் பாருங்களேன்" என்று சொந்தக்காரன் கெஞ்சுவான். பதறாத காரியம் சிதறாது என்பதை அப்போது நினைத்துக்கொள். ரோட்டரின் மூன்று முனைகளிலும் 2 மி.மீ. தடிப்பில் ஒவ்வொரு அபெக்ஸ் சீல் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறும். பிறகு எக்ஸாஸ்ட் வழியாகப் பறந்து டர்போவின் இறக்கைகளையும் உடைக்கும். ஆசைக்காக அடிக்கும் நாலு செல்ஃபில், திரும்பப் போடக்கூடிய ஹவுசிங் பழைய இரும்பாகிவிடலாம். என்ன கேட்கப் போகிறாய், எதை அளக்கப் போகிறாய் என்று தெரிந்த பிறகுதான் சாவியில் கை வை.

3. செலவில்லாத இடத்திலிருந்து தேடத் தொடங்கு. புதிதாகப் பழகுகிறவனுக்குப் பெரிய நோயைக் கண்டுபிடிக்கத்தான் ஆசை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் இன்டர்கூலர் ஹோஸ் நெடுக உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். ஒரு நாள் அவர் கை திரொட்டில் பக்கத்து வளைவில் நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். ஹோஸின் உள்விளிம்பில் எண்ணெய் படிந்து வழுவழுவென்றிருந்தது. கிளாம்ப் இருந்த இடத்திலேயே இருக்க, ஹோஸ் மட்டும் அடிப்பக்கம் விலகி அரை நிலா அளவுக்கு வாய் திறந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பூஸ்ட் ஏறும்போது அது கழன்றால் கறுப்புப் புகை வரும், இழுவை போகும், ஐடிலில் நிற்காது. எஞ்சின் செத்துவிட்டது என்றே சொந்தக்காரன் நினைப்பான். பெற்றோல் பம்ப் ரிலே, பியூஸ், காயில், பிளக் வயர், சூட்டில் காய்ந்து வெடித்த வாக்குவம் ஹோஸ் எல்லாம் இதே வரிசைதான். இவற்றையெல்லாம் பார்த்து முடிக்காமல் "எஞ்சின் போய்விட்டது" என்ற சொல் உன் வாயில் வரக்கூடாது.

4. காதைப் பழக்கு. இதற்குத்தான் நீ அதிக நாள் கொடுக்க வேண்டும். பெற்றோலும் ஸ்பார்க்கும் வராதபடி பியூஸைக் கழற்று. ஒரு ரோட்டரின் லீடிங் பிளக்கை மட்டும் எடு. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி கிராங்க் பண்ணு. எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்றுச் சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று. அதனால் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டரின் ஒரு முகம் பிளக் ஓட்டையைத் தாண்டிப் போகும். காற்று "புஸ்" என்று வெளியேறும். நொடிக்கு நாலு அடி போலக் கேட்கும். நல்ல எஞ்சினில் அது இரண்டு பெண்கள் மாறிமாறி மாவிடிக்கும் உலக்கைச் சத்தம் மாதிரி ஒரே சீராக விழும். ஒரு பலத்த அடி, பின்னால் இரண்டு மெலிந்த அடி என்று வந்தால் அபெக்ஸ் சீலைச் சந்தேகப்படு. அந்தச் சீல் பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளுக்குப் பொதுச் சுவர். அது போனால் இரண்டும் சேர்ந்து இளைக்கும். இரண்டு பலமாகவும் ஒன்று மட்டும் மெலிந்தும் இருந்தால் சைடு சீலையோ கார்னர் சீலையோ நினை. பழுதான எஞ்சினை மட்டும் கேட்டால் இந்தக் காது வராது. சுகமாக ஓடும் கார் சர்வீசுக்கு வரும்போது அதையும் இப்படிக் கேட்டு வை.

5. காது சொன்னதை அளவுகோலிடம் கேட்டு உறுதி செய். மூன்று முகத்தையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி டெஸ்டர் இங்கே இருக்கிறது. கம்பெனிக் கணக்கு 250 சுற்று வேகத்துக்கு: ஒவ்வொரு முகமும் குறைந்தது 6 கிலோ காட்ட வேண்டும், முகத்துக்கு முகம் வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது. பற்றரி இளைத்திருந்தால் நல்ல எஞ்சினும் குறைத்துக் காட்டும். பெற்றோலில் நனைந்த எஞ்சினும் அப்படியே. குளிர்ந்த காரை ஸ்டார்ட் பண்ணி வாசலிலிருந்து ஷெட்டுக்குள் நகர்த்தி உடனே அணைத்தால் உள்ளே மிஞ்சிய பெற்றோல் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். சீல் காற்றைப் பிடிக்காது. ஒரு பெண்ணின் காரை வேறோர் இடத்தில் இப்படி அளந்து, எஞ்சின் மாற்ற வேண்டும் என்று விலையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இங்கே நாலு பிளக்கையும் கழற்றி உள்ளே காய விட்டு, இரண்டு ரோட்டருக்கும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, புது பிளக் போட்டோம். தெருவே மறையும்படி புகை விட்டது, பிறகு ஐடிலில் நின்றது. அவர் அழுதுவிட்டார். அதனால் ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு எழுதாதே. எந்த நிலையில் எடுத்த எண் என்பதையும் பக்கத்தில் எழுது.

6. தண்ணீரை மறக்காதே. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் எஞ்சின் கெட்டுப் போயிருக்கலாம். ஹவுசிங்குகளுக்கு இடையில் இருக்கும் ரப்பர் கூலன்ட் சீல் விட்டுவிட்டால் காலையில் தடுமாறி எழும்பும், வெள்ளைப் புகை வரும், ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருக்கும், கூலன்ட் வாயில் குமிழி ஓடும். சோதிக்கும் நீல மருந்து மஞ்சளாக மாறினால் சந்தேகமில்லை. நம் பக்கத்துக் கோடை 40 பாகையைத் தாண்டும்; எஞ்சினுக்கு மேலே இருக்கும் பழைய பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி வெடிக்க அது போதும். "கொஞ்சம் சூடானது, ஆனால் நிற்கவில்லை" என்று யாராவது சொன்னால் அதை எழுதி வை.

7. உடைந்ததைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதே. இதை மட்டும் நீ மனத்தில் வைத்திருந்தால் எனக்குப் போதும். எஞ்சினைப் பிரிக்கிறாய், சீல் இரண்டாக உடைந்து கிடக்கிறது. அது எப்படி உடைந்தது என்று தெரியாமல் புதுச் சீல் போட்டு மூடினால், அந்தக் காரணம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த எஞ்சினையும் அதே பாதையில் கொண்டுபோகும். அபெக்ஸ் சீலை உடைப்பது பெரும்பாலும் டெட்டனேஷன், அதாவது கலவை முறைப்படி எரியாமல் உள்ளே வெடிப்பது. பெற்றோல் குறைந்தால் வரும், பூஸ்ட் மீறினால் வரும், உள்ளே போகும் காற்று சூடானால் வரும். இரண்டு ரோட்டரிலும் அடி பட்டிருந்தால் இரண்டுக்கும் பொதுவானதைப் பார்: பம்ப், ஃபில்டர், பூஸ்ட், கம்ப்யூட்டரில் ஏற்றிய மேப். ஒன்றில் மட்டும் என்றால் அந்த ரோட்டரின் இன்ஜெக்டர்களைக் கழற்றி அளக்கக் கொடு. பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பார். மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி இருந்தால் உள்ளே வெடித்திருக்கிறது.

அந்த எம்4 பையனின் காரில் இன்ஜெக்டர் சுத்தம், பம்ப் நல்ல பம்ப். எக்ஸாஸ்டைத் திறந்துவிட்டதும் கம்பெனி வேஸ்ட்கேட்டின் சின்ன வாயால் டர்போவை அடக்க முடியவில்லை. பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சீல் போடுவதை விட வேஸ்ட்கேட் வாயை அகலப்படுத்தியதுதான் அவனுக்கு நாங்கள் செய்த உண்மையான வேலை. உடைந்த துண்டு முழுவதும் கிடைக்காவிட்டால் டர்போவையும் பிரித்துப் பார். துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் சேர்த்து வைத்துச் சீலின் நீளம் வருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

8. எஞ்சினைப் பழிக்காதே. "ரோட்டரி என்றாலே இப்படித்தான்" என்பவர்கள் இந்தக் கராஜுக்கு நிறையப் பேர் வருவார்கள். நீ அவர்களோடு சேராதே. ஹிரோஷிமாவில் 1963இல் கெனிச்சி யமமோட்டோவும் அவரோடு சேர்ந்தவர்களுமாக 47 பேர் இந்த எஞ்சினை எடுத்துக்கொண்டபோது, ஹவுசிங்கின் உள்சுவரில் சீல் அலை அலையாகக் கீறும் தழும்பைப் பிசாசின் நகக்கீறல் என்று பெயர் வைத்துப் போராடினார்கள். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வீதிக்கு வந்தது. 1991இல் நாலு ரோட்டர் 787பி லு மான்ஸில் 24 மணி நேரம் ஓடி முதலாவதாக வந்தது. இங்கே ஆஸ்திரேலியாவிலேயே 1992 முதல் 1994 வரை பாத்தர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயத்தை ஆர்எக்ஸ்-7 தான் வென்றது. 1995இல் அந்தப் பந்தயம் நம் பக்கத்து ஈஸ்டர்ன் கிரீக்கில் நடந்தபோதும் அதுவே வென்றது. அரை நாள் முழுவதும் விரட்டினாலும் தாங்குகிற எஞ்சின் இது. அதன் எல்லையை அறிந்து வேலை செய்தவர்கள் கையில் அது தாங்கியது.

9. உண்மையை முழுவதும் சொல், மெதுவாகச் சொல். முந்தி வேலை செய்தவனைத் திட்டாதே; அவன் பார்த்த நிலை உனக்குத் தெரியாது. துணியில் வைத்த துண்டுகளைச் சொந்தக்காரனுக்குக் காட்டு. எது நிச்சயம், எது உன் ஊகம் என்று பிரித்துச் சொல். செலவைக் கூட்டியும் சொல்லாதே, இரக்கப்பட்டுக் குறைத்தும் சொல்லாதே. பாதியில் விலை ஏறினால் அவன் நம்பிக்கை போய்விடும். பூஸ்டைக் குறைத்து ஓட்டச் சம்மதமில்லை என்றால், அந்த எஞ்சினை நாம் கட்டித் தருவதில்லை என்று சொல்லவும் தயங்காதே. அந்தப் பேச்சு கஷ்டமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, நான் வருகிறேன்.

10. கட்டிக் கொடுத்த பிறகும் கூடப் போ. முதல் 1,000 கி.மீ. டர்போவை வேலை வாங்காமல் ஓட்டச் சொல். 98 பெற்றோல்தான் அடிக்க வேண்டும் என்று ரசீதிலேயே எழுதிக் கொடு. எண்ணெய் மாற்ற வரும்போது மறுபடி கம்ப்ரஷன் எடுத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் தேதியோடு எழுது. முதல் தடவை பூஸ்ட் ஏற்றும் நாளில் அவனைத் தனியே விடாதே. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார். பெற்றோல் கலவை எண் நீ குறித்து வைத்த இடத்திலிருந்து நகர்ந்தால் உடனே காலை எடுக்கச் சொல்.